அடுப்பேறும் முன்

சீன வதக்கலைப் பற்றிப் பேச்செடுத்தால் அது நெருப்பில்தான் போய் நிற்கிறது. கொழுந்துவிட்டு எரியும் அடுப்பு, அதன்மேல் குலுக்கித் தூக்கிப் போடப்படும் கருத்த வாணலி, காற்றில் எழும்பித் திரும்பி விழும் சோறு, ஒரு கணம் தீப்பற்றி அணையும் எண்ணெய். தெருமுனையில் சாயங்காலம் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும் பாஸ்ட்ஃபுட் வண்டியிலும், பெரிய ஓட்டல்களில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தெரியும் சமையல்கட்டிலும் நாம் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். அதனால் வீட்டில் ஒரு ஸ்டிர் ஃப்ரை செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர் பாதித் தோல்வியை ஒப்புக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைக்கிறார். நம் அடுப்பில் அந்த அனல் வராது, ஆகவே நாம் செய்வது ஏதோ ஒரு நகல் என்ற எண்ணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. இந்த எண்ணம் தவறு என்பது என் கட்சி. ஒரு தடவைக்குச் சட்டியில் எவ்வளவு போடுகிறோம், அதை எப்படி நறுக்கியிருக்கிறோம், எதற்குப் பின் எதைப் போடுகிறோம் என்ற மூன்றில் இந்தச் சமையலின் உயிர் இருக்கிறது. அதன் விரைவு அங்கிருந்துதான் வருகிறது. உடம்புக்கு நல்லது என்ற பேச்சில் எவ்வளவு உண்மை உண்டோ அதுவும் அங்கிருந்துதான் வருகிறது. இந்த மூன்றுக்கும் பெரிய அடுப்பு தேவையில்லை.

பழைய எழுத்துச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. ஹான் பேரரசுக் காலத்துக் கல்லறைகளில் சுட்ட மண்ணால் செய்த அடுப்பு மாதிரிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன என்றாலும், அக்காலச் சமையல் பெரும்பாலும் நீரில் வேகவைப்பதும் ஆவியில் அவிப்பதும் சுடுவதுமாகவே இருந்தது. எண்ணெயில் கிளறி வதக்கும் முறையின் தெளிவான குறிப்பு ஆறாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. வடக்கு வெய் அரசில் அதிகாரியாக இருந்த ஜியா சிசியே 544 வாக்கில் முடித்த ‘சிமின் யாவ்ஷு’, உழவு, கால்நடை, காடி, ஊறுகாய் என்று ஒரு குடியானவக் குடும்பத்துக்கு வேண்டியதையெல்லாம் சொல்லும் வேளாண் நூல். அதில் முட்டை வதக்கும் முறை ஒன்று இருக்கிறது. செம்புச் சட்டியில் முட்டையை உடைத்து ஊற்றி, வெள்ளையும் மஞ்சளும் கலக்கும்படி கிளறி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் உப்பையும் நொதித்த சோயா விதையையும் சேர்த்து எண்ணெயில் வதக்கச் சொல்கிறார். மணமும் சுவையும் நன்றாக இருக்கும் என்று முடிக்கிறார். இரும்புச் சட்டி அதில் இல்லை. கடும் தீ பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிற்பாடு சோங் காலத்தில் கைஃபெங், ஹாங்சோ நகரங்களின் உணவு விடுதிகளில் வதக்கல் பெருகியது. வடக்கே நிலக்கரியும் இரும்பும் மலிந்தது அதற்குத் துணை நின்றது. மிங், சிங் காலங்களில் குவாங்டொங்கின் ஃபோஷான் ஊர் மெல்லிய வார்ப்பிரும்பு வாணலிக்குப் பேர்போனது. இந்த வளர்ச்சியெல்லாம் உண்மை. ஆனால் எழுதப்பட்ட முதல் குறிப்பு ஒரு சாதாரணக் குடும்பத்தின் சட்டியைப் பற்றியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வதக்கல் ஏன் சீனாவில் இவ்வளவு தழைத்தது என்ற கேள்விக்கு விறகுப் பஞ்சத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். சிறிதாக நறுக்கினால் சீக்கிரம் வேகும், சீக்கிரம் வெந்தால் விறகு மிச்சம் என்பது அந்த வாதம். அதில் பொருள் இருக்கிறது, ஆனாலும் அது மட்டும் போதாது. விறகு அரிதாக இருந்த தேசங்கள் உலகில் எத்தனையோ உண்டு, எல்லாரும் வதக்கக் கற்றுக்கொள்ளவில்லை. இறைச்சியை மெல்ல நறுக்கும் பழக்கம் சீனாவில் வதக்கலுக்கும் பல நூற்றாண்டு முந்தியது. கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பிலேயே ஒழுங்காக நறுக்கப்படாததை அவர் உண்ணமாட்டார் என்ற செய்தி வருகிறது. சாப்பிடும் இடத்தில் கத்தி இல்லை, குச்சிகள்தான், ஆகவே கத்தியின் வேலையெல்லாம் சமையல்கட்டிலேயே முடிந்துவிட வேண்டும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தொல்லியலாளர் கே.சி. சாங் தாம் தொகுத்து 1977இல் வெளிவந்த சீன உணவு வரலாற்று நூலில், சீனச் சாப்பாடு சோறு, அதற்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம் என்ற இரண்டு பகுதிகளால் ஆனது என்று விளக்குகிறார். சோறுதான் முதல், மற்றது அதைச் சாப்பிட வைப்பதற்கு. தமிழருக்கு இதைப் புரிந்துகொள்ள உரை வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ளும் பண்டம் சிறிதளவே போதும் என்கிற இந்த ஏற்பாட்டில்தான் நூறு கிராம் இறைச்சி நாலு பேருக்குக் காணும்படி ஆகிறது. நூல்போல நறுக்கிய அந்த நூறு கிராம், குடமிளகாயோடும் மூங்கில் குருத்தோடும் கலந்து ஒவ்வொரு வாயிலும் வந்துபோகிறது.

அளவைப் பற்றி இந்தத் துறையில் மிகக் கறாராகப் பேசியவர் யுவான் மெய். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர், நான்ஜிங்கில் ஒரு தோட்ட வீட்டில் வாழ்ந்தவர், 1792இல் வெளிவந்த ‘சுய்யுவான் ஷிதான்’ என்ற சமையல் நூலை எழுதியவர். வதக்கும் பண்டத்துக்கு இறைச்சி அரை ஜின்னுக்கு மேல் போகக் கூடாது, கோழியும் மீனும் ஆறு லியாங்கைத் தாண்டக் கூடாது என்று அவர் வரம்பு கட்டுகிறார். அக்கால ஜின் ஏறக்குறைய 600 கிராம், ஒரு ஜின்னுக்குப் பதினாறு லியாங். ஆகவே இறைச்சி 300 கிராம், கோழி 225 கிராம். அதற்கு மேல் போட்டால் சூடு உள்ளே இறங்காது, இறைச்சி இளகாது என்பது அவர் சொல்லும் காரணம். பற்றவில்லை என்றால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால், சாப்பிட்டு முடித்தபின் இன்னொரு தடவை வதக்கிக்கொள்ளலாம் என்பது அவர் பதில். அதே நூலில் வதக்கலுக்குக் கடும் தீ வேண்டும் என்றும் அவர் சொல்கிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடும் தீ கைவசம் இருந்தும், விறகு தள்ள ஆள் இருந்தும், அளவுக்குத்தான் அவர் வரம்பு கட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். தீயை வேண்டியபடி கூட்ட முடிந்தவரே அளவைக் குறைக்கச் சொல்கிறார் என்றால், தீயைக் கூட்ட முடியாத நமக்கு அந்த விதி இன்னும் இறுக்கமாகப் பொருந்துகிறது.

இதை இன்றைய கணக்கில் சொல்லிப் பார்க்கலாம். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் முழுசாக எரியும்போது சட்டிக்குள் போய்ச் சேரும் வெப்பம், நல்ல பர்னராக இருந்தால், இரண்டு கிலோவாட் அளவு. கொதிநிலைக்கு வந்துவிட்ட ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். அப்படியானால் நம் அடுப்பு நிமிடத்துக்கு ஐம்பது கிராம் நீரைத்தான் விரட்ட முடியும். முட்டைகோஸில் பத்தில் ஒன்பது பங்கு நீர். கால் கிலோ நறுக்கிய கோஸைச் சூடான வாணலியில் போட்டால், முதல் இரண்டு நிமிடத்தில் அது விடும் தண்ணீரை அடுப்பு அவ்வப்போதே ஆவியாக்கிவிடும். ஓரங்கள் பழுப்பேறும், நடுத்தண்டு கடிக்க மொறுமொறுவென்று நிற்கும். ஒரு கிலோவைப் போட்டால் அதே அடுப்பு தோற்றுப்போகிறது. தண்ணீர் ஊறுகிறது, சட்டியின் சூடு நூறு டிகிரியில் உட்கார்ந்துவிடுகிறது, கோஸ் தன் தண்ணீரிலேயே வேகிறது. வீட்டில் செய்தது சொதசொதவென்று ஆகிவிட்டது என்று குறைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அடுப்பைப் பழி சொல்கிறார்கள். பழி அளவின்மேல் விழ வேண்டியது. இரண்டு தடவையாகப் பிரித்துச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கழுவிய காய்கறியை வடிதட்டில் கொட்டி, ஒரு துணியால் ஒற்றி எடுத்தால் மீதியும் பெருமளவு தீரும். இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் ஐம்பது கிராம் இருந்தாலே, அதை விரட்டுவதில் ஒரு நிமிடத் தீ வீணாகிறது.

வீட்டு வதக்கல் தன்னளவில் முழுமையானது என்பதற்குச் சீனாவிலேயே பெரிய சாட்சி தக்காளியும் முட்டையும் சேர்ந்த வதக்கல்தான். வடக்கிலிருந்து தெற்குவரை, மாணவர் விடுதியிலிருந்து தாத்தா பாட்டி வீடுவரை, சீனர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பண்டம் என்று இதைச் சொல்லலாம். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, சீன அடுப்பங்கரையில் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆனாலும் இன்று அதைவிட வீட்டுத்தன்மை கொண்ட பண்டம் அங்கே இல்லை. செய்முறையை அருகில் போய்ப் பார்த்தால் என் வாதம் முழுக்க அதில் தெரியும். மூன்று முட்டையை உப்புப் போட்டு நுரைக்க அடித்து, காய்ந்த எண்ணெயில் ஊற்றினால் ஓரங்கள் உடனே உப்பி எழும்பும். அடி இறுகி மேல்பக்கம் இன்னும் தளதளவென்று இருக்கும்போதே பெரிய துண்டுகளாகத் தள்ளிவிட்டுத் தட்டில் எடுத்துவிட வேண்டும். அதே சட்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியைப் போட்டு, மணம் வந்ததும் பிளந்த தக்காளியைப் போட வேண்டும். தோல் சுருண்டு சாறு கசிந்து அது கெட்டிப்படத் தொடங்கும்போது ஒரு சிட்டிகைச் சர்க்கரை. அப்புறம் முட்டையைத் திரும்பப் போட்டு இரண்டு புரட்டு. சர்க்கரை எவ்வளவு, போடலாமா கூடாதா என்பதில் அங்கே வீட்டுக்கு வீடு வேற்றுமை உண்டு. எல்லாம் ஐந்து நிமிட வேலை. இதற்குச் சீறும் தீ எதற்கும் உதவாது, முட்டையைக் கருக்கத்தான் உதவும். முட்டையை முதலில் எடுத்துவைக்கிறோமே, அந்த ஓர் அடியில்தான் வதக்கலின் அறிவு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய சூடு வேறு, நேரம் வேறு, ஆகவே தனித்தனியே சமைத்துக் கடைசியில் சேர்க்கிறோம்.

இதற்கு எதிரான வலுவான வாதம் கான்டனீயர்களிடமிருந்து வரும். வதக்கிய பண்டத்தில் சட்டியின் மூச்சு இருக்க வேண்டும் என்பார்கள் அவர்கள். புகைந்தும் புகையாமலும், கருகலுக்கு ஒரு நூலிழை இந்தப் பக்கம் நிற்கும் அந்த மணத்துக்கு வொக் ஹே என்று பெயர். அமெரிக்கச் சீன எழுத்தாளர் கிரேஸ் யங் 2004இல் அதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அந்த மணம் கற்பனை அல்ல. முப்பது கிலோவாட்டும் அதற்கு மேலும் தரும் உணவக அடுப்பில், எண்ணெய்த் துளிகள் விளிம்பைத் தாண்டித் தீயில் பட்டு எரிந்து அதன் வாசம் பண்டத்தில் படிகிறது. அது வீட்டில் கிடைக்காது, கிடைக்கும் என்று நம்பவைக்கும் குறிப்புகளை நான் ஏற்கவில்லை. ஆனால் அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த ஹுங்டாங் கோ, டேவிட் ஹு இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து தொழில்முறைச் சமையல்காரர்கள் சோறு வதக்குவதைப் படம்பிடித்து அளந்தார்கள். ஒரு குலுக்கலுக்கு ஆகும் நேரம் 0.3 விநாடி. முன்னும் பின்னும் தள்ளுவதும் ஏற்றம்போல ஆட்டுவதும் சேர்ந்த அந்த அசைவு இல்லாவிட்டால் அவ்வளவு தீயில் சோறு கரிந்துவிடும். தீ மிகையாக இருப்பதால் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. தூக்கிப் போடுவதன் பாரத்தைத் தோள்பட்டை சுமக்கிறது, சீன உணவகச் சமையல்காரர்களிடம் தோள் வலி மிகுதி என்பதையும் அந்த ஆய்வு சுட்டுகிறது. வீட்டு அடுப்பில் இந்தச் சிக்கலே இல்லை. சட்டியைத் தூக்கினால் நம் சிறிய தீயிலிருந்து அது விலகிக் குளிரத்தான் செய்யும். வாணலியை அடுப்போடு ஒட்டவைத்து, தோசைத் திருப்பியால் அடியிலிருந்து வழித்துப் புரட்டுவதே நமக்குச் சரி. இதைக் குறைவு என்று நினைக்கக் காரணமே இல்லை.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷாங்காய் போன்ற நகரங்களில் புகைபிடிக்காத பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதன் காரணத்தைத் தேடிய ஆய்வுகள் பலவும் சமையல் எண்ணெய்ப் புகையில் போய் நின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மிகு சூட்டில் பொரிப்பதால் எழும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவை என்று கருதும் 2ஏ வகுப்பில் வைத்தது. அப்படியிருக்க, காற்றுப்போக்கில்லாத அடுப்பங்கரையில் வொக் ஹேயைத் துரத்திக்கொண்டு எண்ணெயைப் புகையவிடுவது எனக்கு ஒப்பவில்லை. எண்ணெய் பளபளத்து அலையோடும், ஒரு துண்டு வெங்காயத்தாள் போட்டால் சடசடக்கும், அந்த நிலை போதும். நம் ஊரில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. அது நல்ல எண்ணெய்தான், ஆனால் சுத்திகரித்த கடலை எண்ணெயைவிட வெகு சீக்கிரம் புகைந்துவிடும். செக்கெண்ணெயில் வதக்குகிறவர் தீயை ஒரு படி தணிக்க வேண்டும். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே அடுப்பில் காயவிடக் கூடாது, அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். தென்மாவட்டங்களில் சீனச்சட்டி என்று சொல்லும் இரும்பு வாணலி வீட்டில் இருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

உணவக வதக்கலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படி உண்டு. இறைச்சியை முட்டை வெள்ளையும் கார்ன்ஃப்ளாரும் கலந்து பிசறி, முதலில் நிறைய எண்ணெயில் மிதமான சூட்டில் ஒருமுறை விட்டெடுத்துவிடுவார்கள். பட்டுப்போன்ற மென்மை அதனால்தான் வருகிறது, மேசையில் பளபளக்கும் எண்ணெயும் அதனால்தான் வருகிறது. ஆனால் எல்லாச் சீன மரபும் இப்படிச் செய்வதில்லை. சிச்சுவானின் சிறு வதக்கல் முறையில் எண்ணெயில் விட்டெடுப்பது கிடையாது, சட்டி மாற்றுவதும் கிடையாது. பிசறிய இறைச்சி நேராகச் சட்டிக்குப் போய் அதே சட்டியில் பண்டம் முடிகிறது. அதே சிச்சுவானில் பீன்ஸைச் சுருங்கும்வரை பொறுமையாக, நடுத்தரத் தீயில் வறட்டி எடுக்கும் முறையும் உண்டு, அதையும் அவர்கள் வதக்கல் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். வீட்டுக்கு ஏற்ற வழிகள் இப்படி மரபுக்குள்ளேயே கிடக்கின்றன. இறைச்சியை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, தீக்குச்சி கனத்தில் நறுக்கி, ஒரு கரண்டி தண்ணீரும் கொஞ்சம் சோயா சாஸும் ஒரு சிறு கரண்டி கார்ன்ஃப்ளாரும் போட்டுப் பிசறி கால் மணி நேரம் வைத்தால், அதிக எண்ணெய் இல்லாமலே அது மெத்தென்று வரும். குறுக்கே நறுக்குவதால் நீண்ட நார்கள் ஏற்கெனவே துண்டாகிவிடுகின்றன, பல்லுக்கு வேலை குறைவு. மாவு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இரண்டு வேலையுமே தீ மூட்டுமுன் முடிந்துவிடுகிறவை.

உடம்புக்கு நல்லது என்ற பேச்சுக்கு வருவோம். கீரையையும் காயையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் தண்ணீரோடு போகின்றன. வதக்கலில் வடிக்கத் தண்ணீரே இல்லை, நேரமும் குறைவு. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினாய்டுகளை உடல் ஏற்க எண்ணெய் கொஞ்சம் வேண்டும், அது சட்டியில் இருக்கிறது. வள்ளைக்கீரையைச் சீனர்கள் பூண்டு போட்டு வதக்குவதைப் பார்த்தால் இது கைக்கு எட்டும். உள்ளே துளையுள்ள தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி முதலில் போட்டு, அது கண்ணாடிபோல மாறத் தொடங்கியதும் இலையைப் போடுகிறார்கள். இலை சுருண்டவுடன் இறக்கம். இரண்டு நிமிடத்துக்குள் நிறம் மாறாத கீரை தட்டில். இதுவரை சரி. ஆனால் வதக்கியது என்பதாலேயே ஒரு பண்டம் நல்லதாகிவிடாது என்று மறுப்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்துக்குச் சீனாவே சான்று. அங்கே பொதுச் சுகாதாரத் துறை 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி ஒருவர் நாளொன்றுக்கு வீட்டுச் சமையலில் சேர்க்கும் உப்பு 9.3 கிராம், எண்ணெய் 43.2 கிராம். அந்நாட்டு உணவு வழிகாட்டியின் வரம்போ உப்பு 5 கிராமுக்குள், எண்ணெய் 25 முதல் 30 கிராம். இன்டர்மேப் என்ற பன்னாட்டு ஆய்வு, சீனர் உடலில் சேரும் சோடியத்தில் நான்கில் மூன்று பங்கு வீட்டுச் சமையலில் போடும் உப்பிலிருந்து வருவதாகக் கண்டது. வீடு என்பதே காப்பு அல்ல. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியானால் உப்பைக் குறைத்தால் அது சீனச் சாப்பாடாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு ஊர்களில் இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்த 265 பேருக்கு, அந்தந்த வட்டாரச் சமையல் மரபிலேயே உப்பையும் கொழுப்பையும் குறைத்து, காய்கறி, பழம், முழுதானியம் கூட்டிய சாப்பாட்டை 28 நாள் கொடுத்தார்கள். வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு மேல் இரத்த அழுத்தம் 10 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தது. சோடியம் ஏறக்குறைய பாதியாகியும் சுவை பிடிக்கவில்லை என்று அவர்கள் ஒதுக்கவில்லை. சிச்சுவான்காரர் சிச்சுவான் சாப்பாடாகவே அதைச் சாப்பிட்டார். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், காடி, மிளகாய், சிச்சுவான் மிளகு இவற்றின் கையில் இன்னும் வலு இருக்கிறது. அஜினோமோட்டோவைக் கண்டு நம்மவர் அஞ்சுவதையும் இங்கே தொட வேண்டும். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இகேதா கிகுனாயே கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்டின் உப்பு அது. அதே குளுட்டமேட் பழுத்த தக்காளியிலும் இயல்பாக இருக்கிறது. 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்திலிருந்து கிளம்பிய பயம் அரை நூற்றாண்டாக ஓய்ந்தபாடில்லை, ஆனால் உணவில் சேர்க்கும் அளவில் அது கெடுதல் என்பதை ஆய்வுகள் நிறுவவில்லை. எடைக்கு எடை பார்த்தால் சாதாரண உப்பில் 39 சதவீதம் சோடியம், அஜினோமோட்டோவில் 12 சதவீதம். தள்ளுவண்டி நூடுல்ஸை நாம் அஞ்ச வேண்டுமானால் அதிலுள்ள உப்புக்கும், மீண்டும் மீண்டும் காயும் எண்ணெய்க்கும் அஞ்சலாம்.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் கனமானது. பத்து நிமிடச் சமையல் என்கிறீர்கள், நறுக்கும் அரை மணி நேரத்தை யார் கணக்கில் வைப்பது என்று கேட்டால், நேர்மையான பதில் ஒன்றுதான். வதக்கலின் விரைவு விறகுக்கு உரியது, கேஸுக்கு உரியது, நறுக்குகிறவருக்கு உரியது அல்ல. யுவான் மெய் இன்னொரு தடவை வதக்கிக்கொள்ளலாம் என்று எளிதாகச் சொன்னார். அந்த இன்னொரு தடவையை வதக்கியவர் வாங் சியாவ்யு. கவிஞர் தம் சமையல்காரருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதியிருக்கிறார். அடுப்பின்முன் கண்ணிமைக்காமல் நின்று, தீயைக் கூட்டு, தீயை இழு என்று அவர் குரல் கொடுக்க, விறகு தள்ளுகிறவர் அப்படியே செய்வார் என்கிறது அது. சியாவ்யு இறந்தபின் சாப்பிட உட்காரும்போதெல்லாம் யுவான் மெய் அழுதார் என்பதும் அதில் இருக்கிறது. ஆக அந்தப் புகழ்பெற்ற வதக்கலுக்குப் பின்னால் குறைந்தது இரண்டு ஆள் வேலை. நம் வீட்டில் அந்த இரண்டு ஆளும் ஒருவரே, பெரும்பாலும் ஒரு பெண்ணே. இதை ஒப்புக்கொண்ட பிறகும் வதக்கலுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல இருக்கிறது. அடுப்பின்முன் ஒருவர்தான் நிற்க முடியும், நறுக்குவதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். வேலையின் பெரும்பகுதி தீக்கு முன்னால் இருப்பதால் அதைப் பங்கிட முடியும், காலையிலேயே கூடச் செய்துவைக்க முடியும். நாள் முழுக்கக் கொதிக்கும் குழம்பில் அந்த வசதி இல்லை.

பங்கிட்ட பின்னும் ஒரு சிக்கல் நிற்கிறது. வதக்கியது காத்திருக்காது. இறக்கிய ஐந்து நிமிடத்தில் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். ஆகவே எல்லாரும் உட்கார்ந்த பிறகு அடுப்பு மூட்ட வேண்டும், அடுப்பு மூட்டியவர் உட்கார முடியாது. நாலு வகை வதக்கலை மேசையில் வைக்க ஆசைப்படும் வீட்டில் சமைப்பவர் கடைசியில் ஆறிய மிச்சத்தைச் சாப்பிடுவார். சீன வீட்டுச் சாப்பாட்டின் அன்றாட அமைப்பு இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒரு சூப், ஆவியில் வெந்த முட்டையோ மீனோ ஒன்று, வெள்ளரிக்காயைத் தட்டிக் காடியும் பூண்டும் சேர்த்துப் பிசறிய ஒன்று, இவையெல்லாம் முன்னதாகவே தயாராகிக் காத்திருக்கக் கூடியவை. வதக்கல் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். மற்றவர்கள் சோற்றைப் பரிமாறிக்கொண்டு சூப்பைத் தொடங்குவதற்குள் இரண்டு நிமிடக் கீரை இறங்கிவிடும், வாணலியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வதக்கியவரும் வந்து உட்கார்ந்துவிடலாம்.